பதினாறாவது மாடி

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், ஆறரைக்கு நின்றுவிடும். அந்த ஒன்றரை மணி நேரம் தமிழ்செல்விக்கே சொந்தம். மோட்டாரைப் போட்டுவிட்டு, ஸ்வெட்டருக்கு மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு, டப்பா டிவிக்கு முன்னால் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவாள். கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் தட்டை டிவி கணவர் ஜோதிலிங்கத்துக்கு. செய்தி பார்க்க, கிரிக்கெட் பார்க்க. பின்பக்கம் துருத்திக்கொண்டு, இரண்டு பேர் சேர்ந்து தூக்கினாலும் மூச்சு வாங்க வைக்கும் இந்தக் கனத்த பெட்டி அவளுக்கு. பழைய வீடியோ கேம்கள் இதில்தான் ஒழுங்காகத் தெரியும் என்பது அவள் கட்சி.

"தொட்டி ரொம்பி வழியுது. நீ எந்தக் கோட்டையப் பிடிக்கப் போயிருக்க?" என்று உள்ளேயிருந்து ஜோதிலிங்கத்தின் குரல் வரும்.

"ரெண்டு நிமிசம் இருங்க. இவன ஒரு வழி பண்ணிட்டு வாரேன்" என்பாள் இவள்.

நாற்பத்தைந்து வயது. லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. அச்சாகிவிட்ட அறிவிப்புகளில் இருக்கும் பிழைகளுக்குத் திருத்தம் தயார் செய்வது அவள் மேசையின் பாடு. 'மூன்றாம் பக்கம், பன்னிரண்டாம் வரியில் உள்ள இன்னதை இன்னது என்று படிக்கவும்' என்கிற ரகம். பிழை செய்தவன் யார் என்று அதில் இருக்காது, வருத்தம் தெரிவிப்பதும் இருக்காது. படிக்கவும், அவ்வளவுதான். இருபது வருஷமாக அடுத்தவர் பிழைகளோடு குடித்தனம் நடத்தியதில் அவளுக்குத் தன்னைப் பற்றி ஒரு சின்ன கர்வம் உண்டு. தான் எழுதுவதில் திருத்தத்துக்கு இடமிருக்காது என்பதுதான் அது.

எழுதுவது என்றால், 'பிக்சல் தர்பார்' என்ற ஆங்கில மாத இதழில். தரியாகஞ்சில் ஒரு காகிதக் கடையின் மாடியில் இரண்டு அறைகளில் இருந்து வரும் வீடியோ கேம் பத்திரிகை அது. புது விளையாட்டுகளுக்கு எண்பது பக்கம், பழசுக்கு இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கமும் ஐந்து வருஷமாக அவளுடையவை. பகுதியின் பெயர் 'கடைசித் திரை'. ஒரு பழைய விளையாட்டை முழுக்க ஆடி முடித்து, முடிந்ததும் திரையில் வரும் காட்சியைத் தானே படம் எடுத்து, அந்தப் படத்தைப் போட்டுத்தான் கட்டுரை எழுதுவாள். படம் இல்லையென்றால் கட்டுரை இல்லை. மற்றவர்கள் போல இணையத்தில் எட்டிப் பார்ப்பதோ, யாரோ ஆடி முடித்த வீடியோவைப் பார்த்து எழுதுவதோ அவளிடம் கிடையாது. இந்த விதி ஒவ்வொரு மாதமும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகும்.

படம் எடுப்பது தனி வேலை. டப்பா டிவியின் கண்ணாடியில் எதிரிலிருப்பதெல்லாம் தெரியும். அதனால் ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை கட்டி, விளக்கை அணைத்து, பழைய தொலைபேசி டைரக்டரிகளின் மேல் கேமராவை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்துவாள். ஐம்பத்தெட்டுக் கட்டுரைகளில் ஐம்பத்தேழுக்கு அப்படிப் படம் உண்டு.

மிச்சமிருந்த ஒன்றுதான் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது.

அந்த விளையாட்டு 'டார்ச் பாய் 92'. அவள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அப்பா பாலிகா பஜாரில் வாங்கிக் கொடுத்த மஞ்சள் கேசட். கையில் விளக்கோடு ஒரு சிறுவன் கோபுரத்தில் மாடி மாடியாக ஏறுவான். பதினைந்தாவது மாடியின் உச்சியில் சுவரில் ஒரு கறுப்பு இடைவெளி. அதில் நுழைந்தால் மறுபடி முதல் மாடி. எத்தனை முறை ஏறினாலும் அப்படித்தான். மூன்று வருஷத்துக்கு முன் அதைப் பற்றி எழுதியபோது, படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்புக் கட்டத்தைப் போட்டாள். 'இந்த ஆட்டத்துக்கு முடிவே இல்லை, அதனால் படமும் இல்லை' என்று ஆரம்பித்து, தினமும் அதே பஸ்ஸில் போய் அதே மேசையில் உட்கார்ந்து திரும்புகிறவர்களுக்கு அந்தச் சிறுவன் உறவினன் என்று முடித்திருந்தாள். வாசகர்கள் கொண்டாடினார்கள். இப்போது நூறாவது இதழுக்கு, இதுவரை வந்ததில் சிறந்த கட்டுரை எது என்று கேட்டதில் அதற்குத்தான் அதிக ஓட்டு. பிப்ரவரி இதழில் மறுபதிப்பு. ஜனவரி இதழிலேயே அதிலிருந்து நாலு வரியை எடுத்து முன்னோட்டமாகப் போட்டிருந்தார்கள்:

'எங்கள் வகுப்பில் ஒரு பெண் மட்டும் பதினாறாவது மாடி இருக்கிறது என்று சத்தியம் செய்வாள். அவள் வீட்டில் பார்த்திருக்கிறாளாம். அப்படி ஒருத்தி எல்லா வகுப்பிலும் இருப்பாள்.'

ஒரு வியாழக்கிழமை மத்தியானம். லோதி ரோடு அலுவலகத்தின் புல்தரையில், குளிர்கால வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செல்வி வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். பிக்சல் தர்பாரின் ஆசிரியர் அக்ஷய் வாட்ஸப்பில் ஒரு கடிதத்தின் படத்தை அனுப்பியிருந்தான். அவன் பெற்றோர் கும்பகோணம். அவன் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் டெல்லி. தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டத் தெரியாது. கீழே, 'அக்கா, தமிழ் லெட்டர். ஃபேன் மெயில்?' என்று கேட்டிருந்தான்.

செல்வி படத்தைப் பெரிதாக்கினாள்.

'செல்வி,

பல் டாக்டர் கிளினிக்கில் காத்திருக்கும்போது உங்கள் பத்திரிகை கிடந்தது. அப்படி ஒருத்தி எல்லா வகுப்பிலும் இருப்பாள் என்று படித்தேன். பல்வலி மறந்துவிட்டது. பதினாறாவது மாடி இருக்கிறது. அன்றைக்கும் இருந்தது. நான் படம் எடுத்து அனுப்பமாட்டேன். நீயே ஆடி முடித்தால்தான் நம்புவாய் என்று பக்கத்தின் அடியில் போட்டிருக்கிறதே. வீட்டுக்கு வா, காட்டுகிறேன் என்று அன்றைக்கும் சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன். மயூர் விஹார் விலாசமும் போன் நம்பரும் கீழே.

பதினாறு.

(உன் பத்திரிகைக்காரர்களுக்கு, வள்ளியம்மை.)'

கடலைத் தோல் மடியிலேயே கிடந்தது. தட்டிவிடத் தோன்றவில்லை.

வள்ளியம்மை ஏழாம் வகுப்பில் பாதி வருஷத்தில் வந்து சேர்ந்தவள். அப்பாவுக்கு வெளியுறவுத் துறையில் ஸ்டெனோ உத்தியோகம். டோக்கியோவில் மூன்று வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் பாலிகா பஜாரில் மலிவாக விற்ற நகல் மெஷின்தான். வள்ளியம்மையிடம் மட்டும் ஜப்பானில் வாங்கிய அசல். உங்கள் டார்ச் பாயும் எங்கள் வீட்டு ஆட்டமும் ஒன்றுதான், எங்களுடையதில் பதினாறு மாடி என்று அவள் சொன்னபோது, கேசட்டைக் கொண்டு வா பார்ப்போம் என்றார்கள். அப்பா வெளியே தர மாட்டார், அதற்குத் தனியாக ஒரு கரண்ட் டப்பா வேண்டும், வீட்டுக்கு வாருங்கள் என்றாள். கரண்ட் டப்பாவாம்! வகுப்பே சிரித்தது. அதிகம் சிரித்தது செல்வி. புளுகுணி என்று சொன்னதும் அவள்தான். யாரும் அவள் வீட்டுக்குப் போகக் கூடாது என்று சட்டம் போட்டதும் அவள்தான். ஒன்பதாம் வகுப்பில் வேறு பள்ளிக்குப் போகும்வரை வள்ளியம்மையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதினாறு. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கடிதத்தை ஜோதிலிங்கத்துக்குப் படித்துக் காட்டினாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"ஒருவேளை இவ இப்பவும் சும்மா சொல்லுதாளோ?" என்றாள் செல்வி.

"அவ பொய் சொல்லணும்னு நீ நேந்துக்கிட்ட மாதிரில்லா இருக்கு."

"வெளையாடாதிய. மூணு வருசத்துல ஒருத்தர் கூடத் தப்புன்னு எழுதலியே?"

"எப்படி எழுதுவாங்க? இதுக்கு டார்ச் பாய்னு பேரு வச்சது எவனோ கள்ளக் கேசட்டு போட்டவன். அசலுக்கு வேற பேரு இருக்கும். அசல் வச்சிருக்கவனுக்கு உன் கேசட்டு தெரியாது. உன் கேசட்டு வச்சிருக்கவனுக்கு அசல் தெரியாது. ரெண்டையும் பாத்தவ ஒருத்திதான். அவளத்தான் நீங்கல்லாஞ் சேந்து பதினாறாக்கிட்டிய."

செல்வி கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அலுவலகத்தில் நாள் முழுக்க அவள் தேடுவது இந்த மாதிரிப் பிழையைத்தான். பிரதி எடுத்தவன் கடைசிப் பக்கத்தை விட்டுவிட்டிருப்பான். பிரதியைப் படித்தவன் விஷயம் அங்கேயே முடிந்தது என்று நினைத்திருப்பான்.

அக்ஷயைக் கூப்பிட்டாள்.

"அந்தக் கட்டுரைய நிறுத்தணும் அக்ஷய். அதுக்கு முடிவு இருக்காம்."

"கியா? யாரு சொன்னா?"

"என்கூடப் படிச்சவ. நான் புளுகுணின்னு எழுதியிருக்கேனே, அவதான்."

"அக்கா, ப்ளீஸ். கவர் பிரிண்ட் ஆகி வந்தாச்சு. 'முடிவே இல்லாத ஆட்டம்'னு இவ்ளோ பெரிய எழுத்துல. அத என்ன பண்ண, மார்க்கர் வெச்சு அடிக்கவா?"

"தப்புன்னு தெரிஞ்சே ரெண்டாம் தடவ போடச் சொல்லுதியா?"

"தெரிஞ்சா? நீங்க பாத்தீங்களா? பாக்கல இல்ல? போட்டோ இல்லாம எதுவும் எழுதக் கூடாதுன்னு ரூல் போட்டது யாரு? அச்சா, கேளுங்க அக்கா. திங்கட்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் ஒரு பக்கம் காலியா வெக்கிறேன். கடைசித் திரை போட்டோ வந்துச்சுன்னா திருத்தம் போடலாம். வரலேன்னா பழசு அப்படியே போகும். அவ்ளோதான்."

அவளுடைய விதியாலேயே அவளைக் கட்டிவிட்டான். ஒரு வாரம் கழித்து, பேர் கூடப் போடாமல், பெரிய எழுத்தில், வள்ளியம்மை அச்சில் இரண்டாவது முறையாகப் புளுகுணி ஆகப்போகிறாள். நடுவில் இருப்பது ஒரு சனி, ஒரு ஞாயிறு.

சனிக்கிழமை காலை கேமராவையும் ஒரு டப்பா எள்ளு மிட்டாய் கஜக்கையும் பையில் போட்டுக்கொண்டு தில்லி ஹாட் ஐ.என்.ஏ.வில் மெட்ரோ ஏறினாள். மன்னிப்புக் கேட்க இரண்டு வாக்கியம் தயார் செய்திருந்தாள். லாஜ்பத் நகர் வருவதற்குள் மூன்று முறை திருத்திவிட்டாள். நிஜாமுத்தீன் தாண்டியதும் அது அலுவலகக் கடிதம் மாதிரி இருப்பதாகப் பட்டது.

கதவைத் திறந்தவள் குட்டையாக முடி வெட்டி, மூக்குக் கண்ணாடி போட்டு, கையில் பட்டாணிக் காயோடு நின்றாள். நொய்டாவில் ஒரு கார் கம்பெனியில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் என்று போனில் சொல்லியிருந்தாள்.

"வள்ளியம்மை..." என்று ஆரம்பித்தாள் செல்வி.

"பதினாறுன்னே கூப்பிடு. புதுசா பேர் சொன்னா எனக்கும் திரும்பிப் பாக்க வராது."

"நான் அன்னைக்கு..."

"அதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். மொதல்ல ஆடு. மன்னிப்ப எத்தனாவது மாடில கேக்கறதுன்னு அதுக்கப்புறம் முடிவு பண்ணுவோம்." கஜக் டப்பாவை வாங்கிக்கொண்டாள். "இத இப்பவே சாப்பிடலாம்."

உள் அறையில், ஜன்னலுக்கு எதிரே, டோக்கியோவிலிருந்து கப்பலில் வந்த சின்ன டப்பா டிவி. அதன் காலடியில் செங்கல் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி ம்ம்ம் என்று முனகிக்கொண்டிருந்தது.

"இதான் அந்தக் கரண்ட் டப்பா" என்றாள் வள்ளியம்மை. "ஜப்பான்ல நூறு வோல்ட்டு. நம்ம ஊரு கரண்ட்ட நேரா குடுத்தா கருகிப் போயிரும். அதான் அப்பா வெளிய விடல. தொட்டுப் பாத்துக்க. சிரிக்கணும்னா சிரிச்சுக்க."

செல்வி தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

திரையில் அதே கோபுரம், அதே சிறுவன். தலைப்பு மட்டும் ஜப்பானிய எழுத்தில். "விளக்குக்காரன்னு அர்த்தம்" என்றாள் வள்ளியம்மை. இசையும் அதேதான், ஆனால் அரை மாத்திரை மெதுவாக, சாவகாசமாக வந்தது. செல்வியின் விரல்கள் தானாகவே இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டன. பிறகுதான் மூலையில் இருந்த எண்ணைக் கவனித்தாள்.

"மூணு உயிரா? முப்பது எங்க?"

"எந்த முப்பது?"

"எங்க கேசட்டுல முப்பது உயிர் உண்டும்."

வள்ளியம்மை சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பட்டாணி தரையெல்லாம் ஓடியது. "முப்பது உயிரா! அத வச்சுக்கிட்டா என்னைய அத்தன பேச்சுப் பேசுனீங்க? அடிப்பாவி, முப்பது உயிர் குடுத்தா எங்க வீட்டுப் பூனை கூட மாடி ஏறிருமே!"

முதல் எட்டு மாடி பழக்கத்தில் போயிற்று. ஒன்பதாவதில் ஆந்தைகள். பாலிகா கேசட்டில் அந்த இடத்தில் நாலைந்து உயிரைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு மேலே போய்விடுவாள். இங்கே கொடுப்பதற்கு இல்லை. ஆந்தை ஒன்று இறங்கி வந்தது, பையன் விழுந்தான். மறுபடி முதலிலிருந்து. மறுபடி ஆந்தை. ஐம்பத்தேழு விளையாட்டுகளை முடித்தவள் என்று பேர் எடுத்தவள், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அதே ஆந்தையிடம் ஏழு முறை செத்தாள். நடுவில் வள்ளியம்மையும் ஒரு முறை வாங்கி ஆடினாள். நாலாவது மாடியிலேயே போய்விட்டது. "இருபது வருஷமாச்சு தொட்டு" என்று கூச்சமில்லாமல் திருப்பிக் கொடுத்தாள்.

"கேசட்ட மட்டும் ஒரு ராத்திரிக்குக் குடேன். எங்க மெஷின்லயும் இது பொருந்தும்" என்று கிளம்பும்போது கேட்டுப் பார்த்தாள் செல்வி.

"பொருந்தும்னு எனக்கும் தெரியும், அப்புறமா தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா தரமாட்டேன். நான் உன்ன வீட்டுக்கு வரச் சொன்னேன். கேசட்டக் கேக்கச் சொல்லல. நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் வந்துரு, பூரி போடறேன்."

வீட்டில் ஜோதிலிங்கம் கேட்டார். "முடிச்சாச்சா?"

"ஒம்பதுல நிக்கேன். ஆந்தை விட மாட்டேங்குது."

"நாளைக்கு நானும் வரட்டா? நீ ஆடு, நான் பக்கத்துல நின்னு ஆந்தைய வெரட்டுதேன்."

அவள் சிரித்தாள். ஆனால் படுத்ததும் கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. முடிக்க முடியாவிட்டால்? வள்ளியம்மை பொய் சொல்லவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்தும் விதியைக் காட்டிப் பழசையே அச்சடிப்பதற்கு என்ன பெயர்? அலுவலகத்தில் அப்படிச் செய்கிறவர்களை அவளுக்குத் தெரியும். அவர்களோடு அவள் டீ குடிக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் பூரி, எட்டரைக்கு ஆட்டம். பதினோரு மணிக்கு மறுபடியும் ஒன்பதாவது மாடி, கையில் இரண்டு உயிர். வள்ளியம்மை டீ கொண்டுவந்து நீட்டினாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் இடது கையை நீட்டியதில் வலது கட்டைவிரல் நழுவி மற்றொரு பட்டனில் விழுந்தது. சிறுவனின் கையிலிருந்த விளக்கு அணைந்தது. இறங்கி வந்துகொண்டிருந்த ஆந்தை அவன் தலைக்கு மேலே நேராகப் பறந்து சுவருக்குள் போய்விட்டது.

டீ சால்வையில் கொட்டியது. அவள் துடைக்கவில்லை.

"இந்தப் பட்டன் வேலை செய்யுமா?"

"செய்யுமே. விளக்க அணைக்க, ஏத்த. வெளிச்சத்தப் பாத்துத்தான் ஆந்தை வரும்."

"எங்க கேசட்டுல இது செத்த பட்டன். ரெண்டாவது பட்டனுக்கு இந்த ஆட்டத்துல வேலையே கெடையாதுன்னு கட்டுரைலயே எழுதி வச்சிருக்கேன்!"

"படிச்சேன். கிளினிக்லேர்ந்து வந்ததும் அந்தப் பழைய இதழத் தேடிப் பிடிச்சுப் படிச்சேன்."

"ஏம்ட்டி நேத்தே சொல்லல? ஏழு தடவ செத்தேனே?"

"நீ கேக்கலியே" என்றாள் வள்ளியம்மை, ரொம்ப சாதாரணமாக. "நான் சொல்றத நீங்க யாரும் கேட்டுக்கிட்டதில்ல. அதான், கேட்டா சொல்லுவோம்னு இருந்தேன்."

செல்வி திரைக்குத் திரும்பினாள். இருட்டில் நடக்க வேண்டிய இடத்தில் விளக்கை அணைத்து, எண்ணெயை மிச்சம் பிடித்து, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஏறினாள். பதின்மூன்றில் ஒரு உயிர் போயிற்று. வள்ளியம்மை பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரே காயை ரொம்ப நேரமாக உரித்துக்கொண்டிருந்தாள். பதினைந்தாவது மாடியின் கடைசிப் படியில் காலை வைத்தபோது மணி பன்னிரண்டேகால். சுவரில் அந்தக் கறுப்பு இடைவெளி.

செல்வி நின்றுவிட்டாள்.

எத்தனை நூறு முறை இதில் நுழைந்து முதல் மாடியில் போய் விழுந்திருப்பாள்! கட்டைவிரல் முன்னே போக மறுத்தது.

"போயேன்" என்றாள் வள்ளியம்மை.

"வள்ளி, நீ கூப்பிட்டப்போ நான் ஏன் வரலன்னு தெரியுமா? நீ புளுகுதன்னு நெனச்சு இல்ல. வந்தா நீ சொல்லுதது நெசமாயிரும்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். எங்கப்பா அந்தக் கேசட்ட அவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்தாரு. அது கொறையுள்ளதுன்னு ஆயிரும்லா. அதான் யாரும் போகக் கூடாதுன்னேன். தப்பு என்னோடதுதான்."

மெட்ரோவில் தயார் செய்த இரண்டு வாக்கியமும் இதில் இல்லை.

வள்ளியம்மை கையிலிருந்த காயைத் தட்டில் போட்டாள். "சரி. பதினஞ்சாவது மாடில கேட்டுட்ட. இப்ப போடி, எண்ணெய் தீருது!"

செல்வி நுழைந்தாள்.

கோபுரம் மறைந்தது. மொட்டை மாடி. பின்னால் வானம் மெல்ல மெல்ல வெளுத்தது. கறுப்பு நீலமாகி, நீலம் ரோஜா நிறமாகி, கீழே ஒரு ஊரின் கூரைகள் தெரிந்தன. சிறுவன் விளக்கோடு நின்றான். திரையின் நடுவில் இரண்டு வரி ஜப்பானிய எழுத்து. இசை நின்றிருந்தது. கரண்ட் டப்பாவின் முனகல் மட்டும் கேட்டது.

"என்ன போட்டிருக்கு?"

வள்ளியம்மை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். தொழில் அது, ஆனாலும் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "'இவ்வளவு தூரம் ஏறி வந்ததற்கு நன்றி. விடிந்துவிட்டது. விளக்கை அணைத்துவிடலாம்.'"

செல்வி கேமராவை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்துத் தள்ளினாள். பிறகு ஆட்டப் பெட்டியின் பட்டன் கைப்பிடியை வள்ளியம்மையிடம் நீட்டினாள்.

"நீ அமத்து."

"ஏன், உனக்கு விதி இருக்கே? நீயே முடிக்கணுமே?"

"போட்டோ எடுத்தாச்சு. இனி விதி இல்ல. நீ அமத்து, பிள்ளே."

வள்ளியம்மை அந்த இரண்டாவது பட்டனை அழுத்தினாள். விளக்கு அணைந்தது. சிறுவன் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான்.

சாயங்காலம் வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஜன்னலுக்குப் போர்வை கட்ட மறந்திருந்தாள். ஐந்து வருஷத்தில் முதல் முறை. விடியும் வானத்தின் மேல், டிவியின் வளைந்த கண்ணாடியில், ஜன்னல் வெளிச்சமும் அதன் முன்னால் மடியில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் உருவமும் படிந்திருந்தன. மூன்று படத்திலும் அப்படியே. ஜோதிலிங்கம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆளும் இருக்கு, சாட்சியும் இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு அக்ஷய் கூப்பிட்டான். "அக்கா, போட்டோ சூப்பர். ஆனா அதுல ஒரு ஆன்ட்டி மட்டர், அதான் பட்டாணி, உரிக்கிறாங்க. எடிட் பண்ணி எடுத்துரவா?"

"எடுத்தேன்னா உன் பத்திரிகைக்கு எழுதுறதே கிடையாது. அந்த ஆன்ட்டிதான் முக்கியம்."

"அச்சா அச்சா, கோவம் வேணாம். அப்புறம் நீங்க அனுப்புன திருத்தம்... இது என்ன, சர்க்கார் நோட்டீஸ் மாதிரி இருக்கு?"

"எனக்கு அப்படித்தான் திருத்தம் எழுதத் தெரியும். ஒரு வரியும் மாத்தாத."

நூறாவது இதழின் அட்டையில் 'முடிவே இல்லாத ஆட்டம்' என்றுதான் இருந்தது. உள்ளே பழைய கட்டுரை, கறுப்புக் கட்டத்தோடு, எழுத்து மாறாமல். பக்கத்தைத் திருப்பினால் பக்கம் முழுவதும் அந்த விடியல் படம். அதன் கீழே:

'திருத்தம். முதல் பத்தியில் "முடிவே இல்லை" என்பதை "முடிவு உண்டு, நான் போய்ப் பார்க்கவில்லை" என்று படிக்கவும். மூன்றாம் பத்தியில் "இரண்டாவது பட்டனுக்கு வேலை இல்லை" என்பதை "இருக்கிறது, நான் கேட்கவில்லை" என்று படிக்கவும். ஐந்தாம் பத்தியில் "ஒரு பெண்" என்பதை "வள்ளியம்மை" என்றும், "அப்படி ஒருத்தி எல்லா வகுப்பிலும் இருப்பாள்" என்பதை "அப்படி ஒருத்தி எங்கள் வகுப்பில் மட்டும்தான் இருந்தாள்" என்றும் படிக்கவும். பிழை செய்தவர் தமிழ்செல்வி. வருந்துகிறார்.'

கடைசி இரண்டு வாக்கியமும் அரசாங்க வழக்கத்தில் கிடையாது. அவளாகச் சேர்த்தது.

இதழ் கடைக்கு வந்து மூன்றாம் நாள், காலை ஆறு மணிக்கு, மோட்டார் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது.

"படத்துல மட்டர் மட்டுந்தான் தெளிவா தெரியுது. என் மூஞ்சியே தெரியல" என்றாள் வள்ளியம்மை, வணக்கம் கூடச் சொல்லாமல்.

"நீ குனிஞ்சுல்லா இருந்த."

"ஆபீஸ்ல பத்துப் பிரதி வாங்கிக் குடுத்துட்டேன். டோக்கியோக்காரர் ஒருத்தர் கேக்கறாரு, நீங்க ஏன் பட்டாணி உரிச்சீங்கன்னு. சரி, அதுக்குக் கூப்பிடல. உன் பழைய கட்டுரையெல்லாம் வரவழைச்சுப் படிச்சிட்டிருக்கேன். அந்தக் கப்பல் விளையாட்டு, அதுவும் பாலிகா பஜார் கேசட்டா?"

"ஆமா. ஏன்?"

"கடைசித் திரைன்னு ஒரு தீவு படம் போட்டிருக்க."

"ஆமா. அதானே முடிவு?"

போனில் சிரிப்புச் சத்தம். "அதுவும் எங்கிட்ட அசல் இருக்கு செல்வி. அந்தத் தீவுலதான் ஆட்டமே ஆரம்பிக்குது."

ஐம்பத்தேழு படங்களும் செல்வியின் கண்முன்னே வரிசையாக வந்து நின்றன. அதே சமயம் உள்ளங்கை ஊறியது. உள்ளேயிருந்து ஜோதிலிங்கம் தொட்டி வழிகிறது என்று கத்திக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை எட்டு மணிக்கு வரட்டா?" என்றாள் போனில். "பூரி வேண்டாம். நான் இட்லி கொண்டாரேன்."